வேதாளரின் பூர்வகதை: மண்டையோட்டின் மேல் செய்த சத்தியம்

முகமூடி அணிந்த சாகச நாயகர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பூர்வகதை ஒரே ஒரு முறைதான் நடக்கும். ஒரு சந்தில் பெற்றோர் சுடப்படுகிறார்கள், அந்தச் சிறுவன் வளர்ந்து பேட்மேன் ஆகிறான். ஒரு கிரகம் வெடிக்கிறது, அதிலிருந்து தப்பிய குழந்தை சூப்பர்மேன் ஆகிறது. நடந்தது நடந்ததுதான். அதன்பிறகு வரும் கதைகளெல்லாம் அந்த ஒரு இரவின் விளைவுகள். அமெரிக்க நாளிதழ்ச் சித்திரக்கதையில் பிறந்த முகமூடி நாயகன் வேதாளரின் (ஆங்கிலத்தில் 'தி ஃபேண்டம்') விஷயம் வேறு. அவருடைய பூர்வகதை 21 முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு தகப்பன் சாகிறான், ஒரு மகன் குகைக்குள் நின்று அதே வாசகங்களைச் சொல்கிறான், வெளியே வரும்போது அதே முகமூடியோடு வருகிறான். சித்திரக்கதை உலகில் இவ்வளவு விசித்திரமான, இவ்வளவு உறுதியான ஓர் அடித்தளம் வேறு யாருக்கும் அமையவில்லை என்பது என் எண்ணம். அது எப்படி உருவானது, எதனால் தாக்குப்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் கதை. 1536ஆம் ஆண்டு. கிறிஸ்டோபர் வாக்கர் என்ற மாலுமி தன் கடைசிக் கடற்பயணத்தில் இருக்கிறார். இளம் வயதில் கொலம்பஸின் கப்பலில் எடுபிடிப் பையனாக வேலை பார்த்தவர் என்று பிற்காலக் கதைகள் அவருக்கு ஒரு பெருமையும் சேர்த்திருக்கின்றன. அவருடைய மகனும் அதே பெயர்க்காரன், அதே கப்பலில் இருக்கிறான். சிங் கொள்ளையர்கள் கப்பலைத் தாக்குகிறார்கள். தந்தை மகனின் கண்ணெதிரே கொல்லப்படுகிறார். கப்பல் அழிகிறது. மகன் மட்டும் அரைகுறை உயிரோடு கரை ஒதுங்குகிறான். அந்தக் காட்டில் வாழும் பாந்தர் என்ற குள்ளர் இனத்தார் அவனைக் கண்டெடுத்து, காட்டுக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார்கள். பிறகொரு நாள் அதே கடற்கரையில் ஒரு பிணம் ஒதுங்கிக் கிடக்கிறது. உடம்பில் இருப்பது தன் தந்தையின் உடை. ஆனால் ஆள் தந்தை இல்லை, அவரைக் கொன்ற கொள்ளையன். பிணத்தைக் கழுகுகளுக்கு விட்டுவிட்டு, எஞ்சிய மண்டையோட்டை எடுத்துக்கொண்டு, அதன்மேல் அவன் சத்தியம் செய்கிறான். கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி எந்த உருவத்தில் வந்தாலும் அதை ஒழிப்பதே இனி என் வாழ்க்கை. என் மகன்களும் அவர்களின் மகன்களும் இதே வழியில் வருவார்கள். சத்தியத்தின் சாரம் இவ்வளவுதான்.

இந்தக் கதையை எழுதியவர் லீ ஃபாக். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ்காரர். 1934இல் மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியை உருவாக்கிப் பெயர் வாங்கியிருந்தார். கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் வழியாக நாளிதழ்களில் வேதாளர் தொடர் ஆரம்பித்த நாள் 17 பிப்ரவரி 1936. அப்போது ஃபாக்குக்கு 24 வயது. ஓவியம் ரே மூர். இருட்டும் நிழலுமாக அவர் தீட்டிய அந்த ஆரம்பகாலச் சித்திரப் பட்டைகளை இன்று பார்த்தாலும் மனசு லேசாகத் திடுக்கிடும். சூப்பர்மேன் வருவதற்கு இன்னும் இரண்டு வருடங்கள், பேட்மேனுக்கு மூன்று வருடங்கள் இருந்தன. உடம்போடு ஒட்டிய ஆடை, கண்மணி தெரியாத முகமூடி ஆகிய இரண்டையும் பின்னால் வந்த நாயகர்கள் எல்லோரும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். கண்மணி இல்லாத அந்த வெள்ளைக் கண்களுக்குப் பழைய கிரேக்கச் சிலைகளே தூண்டுதல் என்று ஃபாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தொடர் தொடங்கியபோது இந்தப் பூர்வகதை ஃபாக்கின் திட்டத்தில் இல்லவே இல்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். முதல் கதையின் பெயர் 'சிங் சகோதரத்துவம்'. அதில் ஜிம்மி வெல்ஸ் என்றொரு பணக்கார இளைஞன் வருகிறான். வேலைவெட்டி இல்லாத உல்லாசப் பேர்வழி. அவன்தான் இரவில் முகமூடி மாட்டிக்கொண்டு குற்றவாளிகளைத் துரத்துகிறான் என்று கடைசியில் காட்டுவதே முதலில் போட்ட திட்டம். பணக்காரச் சோம்பேறியின் வேடத்துக்குள் ஒளிந்திருக்கும் வீரன் என்ற உத்தி 1919இல் வந்த ஸோரோவிலேயே இருக்கிறது. அப்புறம் பேட்மேனிலும் வந்தது. ஃபாக் பாதிக் கதையில் மனம் மாறினார். நகரத்தை விட்டுவிட்டு நாயகனைக் காட்டுக்குக் கொண்டுபோனார். ஜிம்மி வெல்ஸ் ஓரமாக ஒதுங்கிப் போனான். அவன் இருந்த இடத்துக்கு நானூறு வருடமாகச் சாகாத ஓர் உருவம் வந்து நின்றது.

இந்தத் திருப்பம் தற்செயலாக வந்ததாகத் தோன்றலாம், ஆனால் தொடரின் தலையெழுத்தை அதுதான் நிர்ணயித்தது. ஜிம்மி வெல்ஸாகவே இருந்திருந்தால் முகமூடியின் வேலை, அதைப் போட்டிருக்கும் ஆளின் அடையாளத்தை மறைப்பது மட்டும்தான். பேட்மேனின் முகமூடி புரூஸ் வேயின் என்ற பணக்காரரை மறைக்கிறது. அதைக் கழற்றினால் ஊருக்குத் தெரிந்த ஒரு முகம் வெளியே வரும். வேதாளரின் முகமூடியைக் கழற்றினால் யாருக்கும் தெரியாத ஒரு முகம்தான் தெரியும். அப்படியானால் அது எதை மறைக்கிறது? ஆள் மாறியதை மறைக்கிறது. போன வருடம் பார்த்த வேதாளரும் இந்த வருடம் பார்க்கும் வேதாளரும் வேறு வேறு மனிதர்கள் என்ற உண்மையை, அதாவது ஒரு மரணத்தை மறைக்கிறது. வேதாளரின் முகத்தைப் பார்ப்பவன் கொடூரமாகச் சாவான் என்று காட்டு மக்கள் சொல்லும் அந்தப் பழமொழியின் அர்த்தம் இந்த இடத்தில்தான் புலப்படுகிறது. இரண்டு தலைமுறை முகங்களை ஒருவன் பார்த்துவிட்டால் சாகா வரம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. நகரத்துக்குப் போகும்போதுகூட அவர் மேலங்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதமாகத்தான் போகிறார். இத்தனை வருடங்களாக வாசகர்களுக்கும் அந்த முகம் காட்டப்படவில்லை. அந்த விதியைக் கதை தன் வாசகனிடமும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நாளிதழ்த் தொடரின் வடிவம் சார்ந்தது. தினமும் மூன்று நான்கு கட்டங்கள்தான் கிடைக்கும். ஒரு கதை முடியப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பாதி வாசகர்கள் புதிதாக வந்து சேர்ந்திருப்பார்கள். யார் இந்த ஆள், ஏன் இப்படி உடை போட்டிருக்கிறான் என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் புதுக் கதைகளின் தொடக்கத்தில் 'தாமதமாக வந்தவர்களுக்காக' என்ற வரியோடு பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்வது வழக்கமாயிற்று. கடற்கரையில் கிடக்கும் இளைஞன், கையில் மண்டையோடு, சுற்றிலும் தீப்பந்தங்களோடு குள்ளர்கள் என்று இரண்டு மூன்று கட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். வேதாளர் கதைகளை ஒழுங்காகப் படித்து வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும்.

நாயகனின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது மற்றத் தொடர்களில் வெறும் நினைவூட்டல். இங்கே அப்படி இல்லை. கதைக்குள்ளேயே அந்தச் சத்தியம் தலைமுறைதோறும் திரும்பச் சொல்லப்படுகிறது. கதைக்கு வெளியே அதே சத்தியம் புது வாசகர் ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்லப்படுகிறது. மகன் மண்டையோட்டின் முன் நின்று கேட்கும் கதையும் வாசகன் முதல் பக்கத்தில் படிக்கும் கதையும் ஒன்றே. இந்தப் பொருத்தத்தை ஃபாக் திட்டமிட்டுச் செய்தாரா என்பதைவிட, அது எவ்வளவு கச்சிதமாக வேலை செய்தது என்பதுதான் என்னை ஈர்க்கிறது. ஒரு சடங்கைப் போல் அமைந்த கதை என்பதால், நூறாவது முறை படித்தாலும் அலுப்பதில்லை.

பேட்மேனோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பேட்மேன் 1939 மே மாத இதழில் அறிமுகமானார். அவருக்கு ஏன் இந்த வேடம் என்பதை அந்த வருட நவம்பர் இதழில்தான், அதுவும் இரண்டே பக்கங்களில் சொன்னார்கள். அங்கேயும் கொலையுண்ட பெற்றோர், அங்கேயும் ஒரு சபதம். ஆனால் அந்தச் சபதம் ஒரு தனி மனிதனின் காயத்திலிருந்து பிறந்தது, அந்த மனிதனோடு முடிந்துவிடக் கூடியது. முதல் வேதாளரும் காயப்பட்டவர்தான். ஆனால் தந்தையைக் கொன்றவன் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான், பழிவாங்க ஆளே இல்லை. கதை அந்த வாசலை ஆரம்பத்திலேயே அடைத்துவிட்டது. பழிவாங்கும் வாய்ப்பு கையை விட்டுப் போன பிறகு மிஞ்சிய கோபத்தை ஒரு வேலையாக மாற்றிக்கொள்வதுதான் அந்த இளைஞன் செய்வது. சத்திய வாசகத்தைக் கவனித்தால் அந்த நகர்வு அதிலேயே தெரியும். முதல் சொல் கடற்கொள்ளை. அது அவனுடைய சொந்தக் காயம். அடுத்து பேராசை, கொடுமை, அநீதி என்று விரிந்துகொண்டே போகிறது. நான்காவது சொல்லுக்கு வரும்போது அது யாருடைய வாயிலும் பொருந்தக்கூடிய சத்தியமாகிவிடுகிறது. அதனால்தான் கொள்ளையர்களையே பார்த்திராத பேரனும் கொள்ளுப்பேரனும் அதை உண்மையாகச் சொல்ல முடிகிறது.

சத்தியம் செய்தது எதிரியின் மண்டையோட்டின் மேல் என்பதையும் யோசிக்க வேண்டும். தந்தையின் நினைவாக ஒரு பொருளை வைத்து உறுதி எடுத்திருக்கலாம், தந்தையின் உடையே கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை விட்டுவிட்டுக் கொலைகாரனின் எலும்பைக் குடும்பத்தின் அடையாளமாக்கினான். அந்த மண்டையோடுதான் வலது கை மோதிரத்தில் இருக்கிறது. குத்து வாங்கிய கெட்டவன் தாடையில் அழியாத முத்திரையாகப் பதிகிறது. இடது கையில் இருப்பது நல்லவர்களுக்கான காப்பு முத்திரை, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கை. அவர்கள் வசிக்கும் குகையும் காற்றும் நீரும் செதுக்கிய மண்டையோட்டு வடிவம்தான். பயமுறுத்தும் எல்லாச் சின்னங்களையும் நல்லவன் எடுத்து அணிந்துகொள்கிறான். கெட்டவர்களை அவர்களுடைய சின்னத்தாலேயே நடுங்கவைப்பது என்ற எண்ணம் இந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது.

இனி கணக்குக்கு வருவோம். தொடர் 1936இல் தொடங்கியது, வம்சம் 1536இல் தொடங்கியது. சரியாக நானூறு வருடம். பின்னாளில் கப்பல் தாக்கப்பட்ட தேதியைக்கூட பிப்ரவரி 17 என்று வைத்தார்கள், அதாவது தொடர் ஆரம்பித்த அதே தேதி. நாம் பார்க்கும் வேதாளர் 21ஆவது ஆள். அப்படியானால் அவருக்கு முன் 20 பேர், 400 வருடம். ஒருவருக்குச் சராசரியாக 20 வருடம்தான் வருகிறது. படிக்கும்போது யாரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் அந்த எண் கதையின் இருண்ட பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இவர்களில் யாருக்கும் நிம்மதியான முதுமை பொதுவாக வாய்ப்பதில்லை. மகன் தோள் அகன்று நிற்கும் வயதில் தகப்பன் எங்கோ கத்திக்குத்தோ குண்டோ வாங்கி, குகைக்கு வந்து சாகிறான். முந்தையவர்களின் உடல்கள் வைக்கப்பட்ட அறையும், அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்பு ஏடுகளின் வரிசையும் அதே குகையில் இருக்கின்றன. வெளியே 'சாவே இல்லாதவர்' என்ற பேச்சு. உள்ளே வரிசையாகச் சமாதிகள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு வேதாளரும் வாழ்கிறார். 21ஆவது ஆளும் அப்படித்தான். சிறு வயதில் மிசௌரியில் உறவினர் வீட்டில் வளர்ந்து, படித்து, டயானாவைக் காதலித்து, குத்துச்சண்டையில் பேரெடுக்கும் அளவுக்கு வளர்ந்த சமயத்தில் தந்தை சாகக்கிடக்கிறார் என்ற செய்தி வருகிறது. பாந்தர் இனத்து நண்பன் குரனோடு திரும்பிப் போகிறார். அந்த இடத்தை ஃபாக் அதிகம் பேசாமல் கடந்துவிடுவார், அதனாலேயே அது அழுத்தமாக விழும்.

சரித்திரப்படி பார்த்தால் 1536இல் ஓர் ஆங்கிலக் கப்பல் அந்தக் கடலில் இருந்திருக்க வழியே இல்லை. அந்த நாளில் இந்தியப் பெருங்கடலில் வலம் வந்த ஐரோப்பியர்கள் போர்த்துகீசியர்கள்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்ததே 1600இல். ஃபாக்குக்கு நானூறு என்ற முழு எண் தேவைப்பட்டது, சரித்திரத்தை அதற்கேற்ப வளைத்துக்கொண்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பூர்வகதைகள் ஆவணங்களைப் போல நடந்துகொள்ள வேண்டியதில்லை.

இடம் பற்றிய குழப்பம்தான் இன்னும் பெரிது. ஆரம்பகாலக் கதைகளில் அந்த நாடு ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று சொல்லவே முடியாது. பெயரில் வங்காளத்தின் சாயல், கொள்ளையர்களுக்கு இந்தியப் பெயர், காட்டிலோ ஆப்பிரிக்கக் குள்ளர்கள். அந்தக் குள்ளர்களின் பாந்தர் என்ற பெயரை ஃபாக் கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் குரங்குக் கூட்டத்திலிருந்து எடுத்தார். பிற்காலத்தில் நாடு பங்கல்லா என்ற பெயரோடு ஆப்பிரிக்காவில் நிலைத்தது. இந்தியாவில் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது இந்தச் சங்கடம் நேரடியாக எழுந்தது. வங்காளத்தை நினைவூட்டும் பெயர் இந்திய வாசகரைக் குழப்பும், சிங் என்ற பெயரைக் கொள்ளையர்களுக்கு வைத்தால் புண்படுத்தும். அதனால் அங்கே நாடு 'டெங்காலி' ஆயிற்று, கொள்ளையர்கள் 'சிங்கா' ஆனார்கள். 1996இல் ஹாலிவுட் எடுத்த படத்திலும் அந்தக் கூட்டத்தின் பெயரைச் 'செங்' என்று மாற்றினார்கள். கரையோரப் பிணம், மண்டையோடு, சத்தியம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும், ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எப்படி மாறினாலும் கதை நிற்கிறது. உடையின் நிறமே நாட்டுக்கு நாடு மாறியிருக்கிறது. ஃபாக் மனதில் நினைத்தது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் வந்தபோது ஊதா அச்சானது. ஸ்காண்டிநேவியாவில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் இரண்டு பெயர்களில் அவர் உலா வந்தார். எந்த நிறத்தில், எந்தப் பெயரில் வந்தாலும் அந்தக் கடற்கரைக் காட்சியை யாரும் தொடவில்லை.

இந்தப் பூர்வகதையில் நெருடலான ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கரை ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரன், அந்தக் காட்டின் பல தலைமுறை மக்களுக்கு நீதிபதியாகவும் காவலனாகவும் ஆகிறான். அவனைக் காப்பாற்றியவர்கள் பாந்தர்கள். நச்சு அம்பு வைத்திருப்பவர்களும் குகையைக் காட்டிக்கொடுத்தவர்களும் அவர்களே. வம்ச ரகசியம் முழுவதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒரு நாள் வாய் திறந்தால் நானூறு வருடப் பேச்சு உடைந்துவிடும். அவ்வளவு பெரிய பங்காளிகளைப் பழைய கதைகள் பணியாட்களைப் போல நடத்தின. 1930களின் அமெரிக்க நாளிதழ் உலகத்தின் பார்வை அது.

ஃபாக் இதைப் பிற்காலத்தில் சரிசெய்யப் பார்த்தார். பூர்வகதையை மறுபடி சொன்னபோது வசாகா என்ற இனத்தைக் கொண்டுவந்தார். பாந்தர்கள் அவர்களிடம் அடிமைகளாக இருந்தார்கள். முதல் வேதாளர் தன்னைக் காப்பாற்றியவர்களை விடுவிக்கும்படி முதலில் வசாகாக்களிடமே கேட்டுப் பார்க்கிறார், அது பலிக்கவில்லை. பிறகு வசாகாக்கள் அஞ்சி வணங்கிய ஒரு பேய்த்தெய்வச் சிலையைப் போலவே ஓர் உடை செய்து அணிந்துகொண்டு பாந்தர்களுடன் சேர்ந்து போரிடுகிறார். உடைக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது, நட்புக்கும் கடன்பட்ட இரண்டு தரப்பு கிடைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற காலத்தையொட்டி பங்கல்லாவும் மக்களாட்சி நாடானது, லமாண்டா லுவாகா என்ற மருத்துவர் அதன் அதிபரானார். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனாலும் நெருடல் முழுதாகப் போய்விடவில்லை. காப்பாற்ற வருபவன் கடலிலிருந்தே வர வேண்டியிருக்கிறது என்ற அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கதையைக் குரனின் முன்னோர்களின் வாயால் ஒரு முறை முழுசாகச் சொல்ல வேண்டும். ரகசியத்தை நானூறு வருடம் காத்தவர்களின் கதையும் சத்தியம் செய்தவர்களின் கதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

அந்த உருவம் யாருக்கெல்லாம் சொந்தமாயிற்று என்பது இந்த விமர்சனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு உண்மை. பப்புவா நியூ கினியின் வாகி பள்ளத்தாக்கில் மக்கள் தங்கள் போர்க்கேடயங்களில் வேதாளரை வரைந்தார்கள். சாகாத மனிதனின் உருவத்தைப் போருக்குப் போகும் கேடயத்தில் வைப்பதற்கு வேறு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

ஃபாக் 1999இல் இறக்கும்வரை, 63 வருடங்கள் இந்தத் தொடரை எழுதினார். ஓவியர்கள் மாறினார்கள், ரே மூருக்குப் பின் வில்சன் மெக்காய், 1961 முதல் சை பாரி. எழுத்து மட்டும் பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது. அவருக்குப் பிறகு டோனி டிபால் எழுதிவருகிறார். படைத்தவர் போன பிறகும் தொடர் நிற்காததற்கு அந்தச் சத்தியமே வழி வைத்திருக்கிறது. ஆள் மாறலாம் என்பது கதையின் முதல் விதியாயிற்றே.

ஆனால் அந்தச் சத்தியத்துக்குள் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. 'என் மகன்கள், அவர்களின் மகன்கள்' என்றுதான் வாசகம். மகள்கள் அதில் இல்லை. ஃபாக்கே இதை ஒரு முறை உரசிப் பார்த்தார். 17ஆவது வேதாளர் செயலற்றுப் போனபோது அவருடைய சகோதரி ஜூலி அதே உடையை அணிந்து காட்டைக் காத்தாள். அண்ணன் தேறியதும் உடை அவரிடம் திரும்பிவிட்டது. 1977இல் வேதாளர் டயானாவை மணந்தார், 1979இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. கிட் என்ற மகன், ஹெலோயிஸ் என்ற மகள். ஒரே நாளில் பிறந்த இரண்டு பேர், ஒரே ஒரு முகமூடி. பிற்காலக் கதைகளில் ஹெலோயிஸின் துணிச்சலும் அறிவும் தம்பிக்கோ அண்ணனுக்கோ துளியும் குறையாமல் காட்டப்படுகின்றன. 22ஆவது முறை அந்தச் சத்தியம் சொல்லப்படும்போது அந்த ஒரு சொல் அப்படியே இருக்குமா என்பதைத் தொடர் இன்னும் முடிவு செய்தாக வேண்டும்.